முந்நூறு கிராம் குப்பி

அந்த எண்ணை எழுதியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் வந்து "அட, இவளா!" என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம்.

பத்து மில்லி குப்பி. பழுப்புக் கண்ணாடி, கறுப்பு மூடி, மூடியோடு ஒரு சொட்டுக்குழாய். உள்ளே கஞ்சாப் பூவிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய். உள்ளங்கையில் வைத்தால் கண்ணாடியோடு சேர்த்து முப்பது கிராம் இருக்கும். அந்தக் குப்பியின் எடை முந்நூறு கிராம் என்று அரசாங்க அட்டவணையில் எழுதி, கீழே "ஹேமலதா, தலைமைப் பகுப்பாளர்" என்று கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் நிம்மதியாகச் சம்பளமும் வாங்கினேன்.

எப்படி எழுதினேன் என்று சொல்ல வேண்டும். தீராத வலிக்காரர்களுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாம் என்று சட்டம் வந்த புதிதில், அந்த மருந்தைக் கொடுக்கிற அரசுக் கிடங்குக்கு ஓர் அட்டவணை கேட்டார்கள். டாக்டர் கிராம் கணக்கில்தான் எழுதுவார். நோயாளியின் அட்டையிலும் குப்பிக் கணக்கு கிடையாது, கிராம்தான். ஆகவே ஒரு குப்பி எண்ணெய்க்கு எத்தனை கிராம் காய்ந்த பூ வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் ஆறு வாரம் உட்கார்ந்து, நாற்பது முறை பிரித்துப் பார்த்து, அறுபது என்று எழுதினேன். அந்த அறுபதை இன்றைக்கும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன்.

அடுத்த வருடம் மோப்ப வாசல் வந்தது. மோப்ப நாய்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, முதலில் எல்லைச் சாவடிகளிலும் பிறகு பேருந்து நிலையங்களிலும் நிறுத்தப்பட்ட இரும்பு வாசல். நீங்கள் நடந்து போனால் போதும். உங்கள் பையிலிருந்து கசிகிற மணத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடும். கணக்கு வரம்பைத் தாண்டினால் அதுவே வழக்கை எழுதி, அதுவே நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும். மனிதர் யாரும் லஞ்சம் வாங்க முடியாது என்று பத்திரிகைகள் பாராட்டின. நானும் பாராட்டினேன்.

அந்த வாசலுக்கும் ஓர் அட்டவணை வேண்டியிருந்தது. நான் அறுபதையே எழுதிக்கொண்டு போனேன்.

"இந்த அறுபது எனக்கு ஆகாது மேடம்," என்றார் வித்யாசாகர். மோப்ப வாசல் திட்டத்தின் இயக்குநர். கோபமே வராத மனிதர். "செடியைப் புடுங்கினா வேர், தண்டு, இலை எல்லாம் சேர்ந்துதானே வருது?"

"சட்டம் பூவைத்தானே சார் கஞ்சான்னு சொல்லுது?"

"அது பழசு. புது விதியில 'மூலச்செடி நிறை'ன்னு போட்டாச்சு. ஒரு குப்பிக்கு எத்தனை செடி போகுது, அந்தச் செடி எவ்வளவு கனம். அவ்வளவுதான் கேக்கறேன்."

"காய வச்சா, பச்சையாவா?"

"காஞ்சு போய்த்தான் செடி வளருதா மேடம்?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஒரு பிடி சோற்றுக்கு நாற்றையும் வைக்கோலையும் வயல் சேற்றையும் சேர்த்து எடை போடச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. நாலரை மணிக்கு எனக்கு ரயில். ஊரில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். முந்நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மிரட்டினார்கள், பயந்தேன் என்றாவது சொல்ல வழியிருந்தால் கொஞ்சம் மானமாக இருக்கும்.

மூன்று வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேர் என் ஆய்வகத்துக்கு வந்தார்கள். ஒருவர் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் அலாவுதீன். இன்னொருவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை தோல் உருகி இறுகியிருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. டீ கொண்டுவரச் சொன்னேன். தம்ளரை இரண்டு முன்கைகளுக்கும் நடுவில் பிடித்துக் குடித்தார். அவர் பெயர் வெயிலுமுத்து. சாத்தூர்ப் பக்கம் நல்லமுத்தன்பட்டி. பட்டாசு ஆலை வெடித்த அன்று உயிரோடு மிஞ்சிய இருபத்து மூன்று பேரில் ஒருவர்.

"எம் பொண்டாட்டி பாண்டிச்செல்வி ஜெயில்ல இருக்கா மேடம்," என்றார். "இன்னியோட இருபத்தாறு நாளு."

அலாவுதீன் மேஜையில் இரண்டு தாள்களை வைத்தார்.

"இது கிடங்கு குடுத்த ரசீது. இருபத்து மூணு அட்டை, அட்டைக்கு மூணு மாச மருந்து, மொத்தம் அறுபத்தொன்பது குப்பி. எடை நாலு கிலோ நூத்து நாப்பது கிராம். இது மோப்ப வாசல் எழுதின குற்றத்தாள். அதே பை, அதே அறுபத்தொன்பது குப்பி. எடை இருபது கிலோ எழுநூறு கிராம்." விரலால் தட்டினார். "கிடங்கு வாசப்படிக்கும் மோப்ப வாசலுக்கும் நாப்பது அடி தூரம் மேடம். நாப்பது அடியில எப்பிடி மேடம் பதினாறு கிலோ ஏறும்?"

எனக்குத் தெரியும். இரண்டு தாளின் அடியிலும் என் கையெழுத்துதான் அச்சாகியிருந்தது.

"இருபத்து மூணு பேர் மருந்தை ஒருத்தர் எதுக்கு வாங்கணும்?" என்று கேட்டேன். தப்பு என்மேல் இருக்கும்போது எதிராளியிடம் ஏதாவது ஓட்டை தேடுவது வழக்கம்தானே.

வெயிலுமுத்து என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ரேசன் கடைக்கு யாராவது போனா பக்கத்து வீட்டு அட்டையவும் வாங்கிட்டுப் போறதில்லையா மேடம்? அந்த மாதிரிதான். கிடங்கு தொண்ணூறு கிலோமீட்டரு. ரெண்டு பஸ்ஸு மாறணும். எங்க ஆளுகள்ல பாதிப் பேரால பஸ்ஸுக் கம்பியப் புடிக்க முடியாது. ராமலச்சுமிக்குக் காலே இல்ல. இவ ஒருத்திதான் எங்கள்ல தீப்படாதவ. அன்னிக்கு மஞ்சக்காமாலைன்னு வேலைக்குப் போகல. அதான் எல்லார் அட்டையவும் வாங்கிட்டுப் போவா. கிடங்குலயே அதுக்கு ஃபாரம் இருக்கு மேடம், கைநாட்டு வச்சுக் குடுத்துதான் விட்டோம்."

அட்டை வைத்திருப்பவரை ஒரு கிலோ வரை வாசல் கண்டுகொள்ளாது. ஆளுக்கு மூன்று குப்பி என்றால் என் முந்நூறின்படியும் தொள்ளாயிரம் கிராம். இருபத்து மூன்று பேரும் தவழ்ந்தாவது தனித்தனியாக வந்திருந்தால் ஒன்றுமில்லை. ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வருவார் என்பது எங்கள் கூட்டத்தில் யார் மூளைக்கும் எட்டவில்லை. நாங்கள் யாரும் ரேஷன் கடைக்குப் போகிறவர்கள் இல்லை. இவ்வளவு நாள் எல்லைச் சாவடிகளில் மட்டும் இருந்த வாசலை, பாண்டிச்செல்வி பிடிபட்ட வாரம்தான் கிடங்குக்கு எதிரேயுள்ள பேருந்து நிலையத்தில் நட்டிருந்தார்கள். இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஜாமீன் கிடையாது. குறைந்தது பத்து வருடம்.

"வாசல் சொல்ற எடையை கோர்ட்டு கேள்வி கேக்க முடியாதுன்னு விதி இருக்கு," என்றார் அலாவுதீன். "அட்டவணையில கையெழுத்துப் போட்டவங்க வந்து தப்புன்னு சொன்னா மட்டும் கேக்கலாம். அதான் உங்களைத் தேடி வந்தோம்."

"மருந்து இல்லாம எப்பிடி இருக்கீங்க?" என்று வெயிலுமுத்துவிடம் கேட்டேன்.

அவர் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "தோலுக்கடியில தீ இன்னும் அணையல மேடம். எண்ணெய நாக்குல விட்டா ஆறு மணி நேரம் அது தூங்கும். இப்ப தூங்க மாட்டேங்குது. போன புதன்கிழமை குருசாமி மாமா கிணத்துல விழுந்துட்டாரு. தவறி விழுந்தாருன்னு எழுதியிருக்காக. கிணத்துக்கு இடுப்பளவு சுவரு இருக்கு."

அவர்கள் போனதும் வித்யாசாகரைத் தொலைபேசியில் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரசீது வாசலுக்குத் தெரியாது மேடம். அது மோப்பம்தான் பிடிக்கும்."

"அப்ப மனுஷங்க யாராவது பார்க்கக் கூடாதா சார்?"

"மனுஷக் கை படக் கூடாதுன்னுதானே இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்?"

"இதுல என் கை பட்டிருக்கு சார்."

"அப்ப கையைக் கழுவிக்குங்க," என்றார். குரலில் கோபம் இல்லை, கிண்டல்கூட இல்லை. சளி பிடித்தவளுக்கு ஆவி பிடிக்கச் சொல்வதுபோல் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தொலைபேசியைத் தூக்கி அடித்தேன். அது ஆய்வகத்தின் நுண்தராசுமேல் போய் விழுந்தது. ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டுகிற தராசு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன கிழித்தேன் என்று தோன்றியது.

அந்த வாரமே சிறைக்குப் போய்ப் பாண்டிச்செல்வியைப் பார்த்தேன். கட்டையான, கறுத்த பெண். கம்பிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அலாவுதீன் என்னை அறிமுகப்படுத்தியதும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

"நான்தான்."

"கவுண்டர்ல இருந்தவரு சிரிச்சுக்கிட்டே குடுத்தாரு மேடம். 'எதுக்குக்கா வீணா அலையிறீங்க, மூணு மாசத்துக்கும் மொத்தமா வாங்கிட்டுப் போங்க'ன்னாரு. சுவத்துலயே போர்டு எழுதிப் போட்டிருக்காக. மொத்தமா வாங்குன்னு சொல்றதும் கவர்மென்டு, மொத்தமா வாங்கினியான்னு புடிக்கிறதும் கவர்மென்டு. இதுல நான் எந்தக் கவர்மென்டு பேச்சக் கேக்கணும்?"

அவள் கம்பிக்கு இன்னும் நெருங்கி வந்தாள்.

"பையி ரெண்டு கிலோ இருக்கும். நான் ஒத்தக் கையில புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில வெள்ளரிக்காய கடிச்சுக்கிட்டுப் போறேன். மிசினு இருபது கிலோங்குது. இருபது கிலோவத் தூக்கிட்டு எவளாவது வெள்ளரிக்கா தின்னுக்கிட்டு நடப்பாளா? அங்க நாலு போலீசு நிக்காக. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, அந்தப் பைய ஒரு தடவ தூக்கிப் பார்த்திருந்தா போதும். 'சார், தூக்கிப் பாருங்க சார்'னு கத்துறேன். தொடக்கூடாதுங்காக. தொட்டா அவுக வேல போயிருமாம்."

அவள் குரல் உயர்ந்தது. காவலர் திரும்பிப் பார்த்தார்.

"குருசாமி மாமா செத்தது தெரியுமா?" என்று அலாவுதீன் மெல்லக் கேட்டார்.

"தெரியும்." கையைக் கட்டியபடியே இருந்தாள். "அவரு அட்டையும் ஏங்கிட்டதான் இருந்துச்சு. பைக்குள்ள அவரு குப்பி மூணு. இப்ப கோர்ட்டு அலமாரியில பத்திரமா இருக்கும்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க வந்து உண்மையச் சொல்வீகளா, இல்ல போட்டோவுக்கு வந்தீகளா?"

"சொல்றேன்," என்றேன்.

நாற்பத்தோராம் நாள் வழக்கு வந்தது. நான் சாட்சிக் கூண்டில் ஏறியதும் அரசு வழக்கறிஞர் இரண்டு அட்டவணைகளையும் என்னிடம் கொடுத்தார்.

"ரெண்டும் உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"ஒண்ணு அறுபது. ஒண்ணு முந்நூறு. ரெண்டுல எது பொய்?"

"முந்நூறு."

"தெரிஞ்சே பொய்யை எழுதினீங்களா?"

"ஆமா."

மண்டபத்தில் சலசலப்பு. வழக்கறிஞருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். நான் மழுப்புவேன், மடக்கலாம் என்று தயாராக வந்திருப்பார். நான் நீதிபதியைப் பார்த்துப் பேசினேன். வேரையும் தண்டையும் ஈரத்தையும் சேர்த்து எழுதியதைச் சொன்னேன். கூட்டத்தில் எல்லோரும் சிரித்ததைச் சொன்னேன். நாலரை மணி ரயிலைக்கூடச் சொன்னேன். "ஐயா, இதே அரசாங்கம் மருந்தைக் குடுக்கும்போது அறுபதுங்குது, அதே மருந்துக்காக ஆளைப் பிடிக்கும்போது முந்நூறுங்குது. கடையில போடற தராசு ஒண்ணு, ஸ்டேஷன்ல போடற தராசு ஒண்ணா? ஒரு மளிகைக்கடைக்காரர் இப்படிப் பண்ணினா விட்டுடுவீங்களா?" என்றேன்.

நீதிபதி நல்லவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குற்றத்தாளையும் ரசீதையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே பொருளுக்கு ஒரே அரசாங்கத்தில் இரண்டு எடை இருப்பது அநீதி," என்றார். பின்வரிசையில் வெயிலுமுத்து எழுந்தே நின்றுவிட்டார். நான் கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இனி வாசல் ரசீதையும் படிக்க வேண்டும். ரசீதின் எடையும் வாசலின் எடையும் பொருந்தினால், அட்டைக்காரர்களுக்காக வாங்கிச் செல்பவரைத் தடுக்கக் கூடாது. கிடங்குக்கும் வாசலுக்கும் இனி ஒரே அட்டவணை." அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "அரசின் இரு அட்டவணைகள் முரண்பட்டால் இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி சொல்கிறது. அறுபதும் முந்நூறும் சேர்ந்து முந்நூற்று அறுபது. பாதி, நூற்று எண்பது. அறுபத்தொன்பது குப்பிக்குப் பன்னிரண்டு கிலோ நானூற்று இருபது கிராம். வணிக அளவு இல்லை. ஜாமீன் வழங்கப்படுகிறது. வழக்கு தொடரும்."

"ஐயா!" என்று கத்திவிட்டேன். "உண்மைக்கும் பொய்க்கும் நடுவுல என்னய்யா சராசரி? ஒருத்தர் ரெண்டு கொலை பண்ணினார்ங்கறாங்க, அவர் ஒண்ணுமே பண்ணலங்கறார், அப்ப ஒரு கொலைன்னு எழுதுவீங்களா?"

"உட்காருங்கள் அம்மா. நீங்கள் எழுதிய எண்கள்தான் இரண்டும்," என்றார் நீதிபதி.

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

ஆனாலும் அன்று மாலை சிறை வாசலில் பாண்டிச்செல்வி வெளியே வந்தபோது எல்லாம் மறந்துபோனது. வெயிலுமுத்து ஒட்டிய விரல்களால் அவள் முகத்தைத் தொட முயன்று, முடியாமல், நெற்றியை அவள் தோளில் வைத்துக்கொண்டார். அலாவுதீன் எங்கிருந்தோ அல்வா வாங்கி வந்தார். "அடுத்த தவணைக்கு வாசல்ல யாரும் அவங்களைத் தொட முடியாது. ரசீது பொருந்தினா போதும்," என்றார். நானும் ஒரு விள்ளல் வாங்கித் தின்றேன். இருபத்தெட்டு வருடம் எண்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். அந்த அல்வா வாயில் இருக்கும்போது ஒரே ஒரு பெருக்கல், ஒரே ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை.

என்னை வேலையிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். பொய் அட்டவணை எழுதியதற்காக ஒரு விசாரணை. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாண்டிச்செல்வியிடம் பிடித்த குப்பிகள் வழக்குச் சான்று என்று நீதிமன்ற அலமாரியிலேயே இருந்தன. அடுத்த தவணை வரும்வரை நல்லமுத்தன்பட்டியில் ஆஸ்பத்திரி மாத்திரையை விழுங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். தவணை நாள் வந்ததும் பாண்டிச்செல்வி கூப்பிட்டாள்.

"கிடங்குக்குப் போறேன். தனியாப் போக நெஞ்சு படபடங்குது. வாரீகளா?"

போனேன். இந்த முறையும் இருபத்து மூன்று அட்டை. குருசாமியின் அட்டை போய்விட்டது. அவர் இடத்தில் அவர் மகன் சேர்ந்திருந்தான். அதே ஆலையில், அடுத்த விபத்தில். பாண்டிச்செல்வி அட்டைகளை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி, கைநாட்டுப் படிவங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். கவுண்டரில் அதே இளைஞர். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"அக்கா, மன்னிச்சிருங்கக்கா. எனக்கு அன்னிக்கு ஒண்ணும் தெரியாது."

"விடுங்க தம்பி. மொத்தமாவே குடுங்க."

அவர் அட்டைகளை இயந்திரத்தில் செருகினார். பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டி சிறியதாக இருந்தது. பாண்டிச்செல்வி எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

"தம்பி, இருபத்து மூணுதான் இருக்கு."

"ஆமாக்கா. ஆளுக்கு ஒண்ணு."

"மூணு மாசத்துக்கு?"

"மூணு மாசத்துக்குத்தான்க்கா. அட்டையில டாக்டர் எழுதினது மாசம் அறுபது கிராம். மூணு மாசத்துக்கு நூத்து எண்பது கிராம். முன்னாடி ஒரு குப்பி அறுபது. இப்ப கோர்ட்டு உத்தரவுல ஒரு குப்பி நூத்து எண்பதுன்னு மாத்திட்டாங்கல்ல?" என்னைப் பார்த்து, விளக்கம் போதுமா என்பதுபோல் தலையசைத்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

பெருக்கலும் வகுத்தலும் அப்போதுதான் நடந்தன.

"டாக்டர்கிட்ட அட்டையை மாத்தி எழுதச் சொல்லணும்," என்றேன்.

"மாசம் அறுபதுதான் மேடம் உச்ச வரம்பு. அதுக்கு மேல டாக்டர் எழுதினா சிஸ்டம் எடுத்துக்காது. நிறையப் பேர் வந்து சண்டை போட்டுட்டாங்க. மாநிலம் பூரா இப்பிடித்தான்."

மாநிலம் முழுக்க. தோலுக்கடியில் தீ எரிகிறவர்கள், எலும்பில் புற்று அரிக்கிறவர்கள், நாளைக்கு எட்டு முறை வலிப்பு வருகிற பிள்ளைகள். எல்லோருடைய மருந்தையும் மூன்றில் ஒன்றாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய கத்தி நான் கூண்டில் நின்று சொன்ன உண்மை. பொய் சொன்னபோது ஒருத்தி ஜெயிலுக்குப் போனாள். உண்மையைச் சொன்னதும் ஊரே மாட்டிக்கொண்டது. அந்தக் கவுண்டரை உடைத்துப் போடலாம் போல இருந்தது. கண்ணாடியை ஓங்கி அறைந்தேன். இளைஞர் பின்வாங்கினார். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மணிக்கட்டுதான் வீங்கியது.

பாண்டிச்செல்வி பெட்டியைப் பைக்குள் வைத்தாள். ரசீதை மடித்தாள். நாற்பது அடி நடந்து மோப்ப வாசலுக்குப் போனோம்.

அவள் உள்ளே காலை வைத்து நின்றாள். மேலே திரையில் எழுத்து ஓடியது. ரசீது: நாலு கிலோ நூற்று நாற்பது கிராம். வாசல்: நாலு கிலோ நூற்று நாற்பது கிராம். பொருந்துகிறது. பச்சை விளக்கு விழுந்தது. காவலர் புன்னகையோடு வழிவிட்டார்.

அவள் நகரவில்லை. இடுப்பிலிருந்து பழைய ரசீதை எடுத்தாள். அவள் பிடிபட்ட அன்றைய ரசீதின் நகல். புதியதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மேடம், அன்னிக்கும் நாலு கிலோ நூத்தி நாப்பது. இன்னிக்கும் அதே நாலு கிலோ நூத்தி நாப்பது." பையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. வாழ்க்கையில் நான் எடை போட்டதிலேயே சரியான எடை அன்று என் கையில் தூக்கிப் பார்த்ததுதான்.

"நகருங்கம்மா, பச்சை விழுந்திருச்சுல்ல," என்றார் காவலர்.

பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பை என் மடியில் இருந்தது. விருதுநகர் தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு திரும்பினாள்.

"நான் வீடு வீடாக் குப்பியக் குடுக்கேன். ஒண்ணுதான், மூணு மாசத்துக்குன்னு நீங்க சொல்லுங்க. ஏங்கிட்டக் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? எண்ணு போட்டது நீங்க."

"சொல்றேன்," என்றேன். அவளிடம் இரண்டாம் முறையாக அதே வார்த்தை.

பிற்பகல் மூன்று மணிக்கு நல்லமுத்தன்பட்டியில் இறங்கினோம். முதல் வீடு அவளுடையது. வெயிலுமுத்து வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பாண்டிச்செல்வி ஒரு குப்பியை எடுத்து அவர் முன்கைகளுக்கு நடுவில் வைத்தாள். அவர் அதை உயர்த்தி, வெயிலில் எண்ணெயின் நிறத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பை தொங்கிய விதத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"மிச்சம் அடுத்த பஸ்ல வருதா மேடம்?"